யாருடைய பீச்சாங்கை?

ஓசூர்ப் பக்கம் வற்றிக் கிடக்கும் எங்கள் ஏரியில் நானும் விமானம் ஓட்டினேன்! கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து, சோறு தண்ணிகூட மறந்து என் மகள் தெர்மாகோலில் செய்த ரிமோட் விமானம் அது. லெப்ட், ரைட் எனக்குக் குழம்பும் என்று சோத்துக்கை, பீச்சாங்கை என்றே சொல்லிக்கொடுத்தாள்.

போகும்போது ஒழுங்காகத்தான் போனது. திரும்பி என்னைப் பார்த்து வந்தபோதுதான் வினை. சோத்துக்கைப் பக்கம் ரிமோட்டின் குச்சியைத் தள்ளினால், பீச்சாங்கைப் பக்கம் இருந்த ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலை நோக்கிப் போகிறது. பெங்களூருக்குப் போகும் ரோஜா. வாசனையே கிடையாது, அதை விடுங்கள். குடிலில் மோதினால் மகளின் விமானம் தூள்தான்.

"பீச்சாங்கைப் பக்கம் தள்ளும்மா!"

"அங்கதான்டி குடிலு இருக்குது!"

"உன்னுது இல்லம்மா, அதோட பீச்சாங்கை! அது பாக்கிற பக்கமே நீயும் திரும்பி நில்லு!"

விமானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தை மட்டும் வளைத்துப் பார்த்தேன். இப்போது அதன் பீச்சாங்கையும் என் பீச்சாங்கையும் ஒரே பக்கம். தள்ளினேன். குடிலை விட்டு விலகி, ஏரி மண்ணில் வயிறு தேய இறங்கி நின்றது.

மகள் ஓடிப்போய் இறக்கையைத் தடவிப் பார்த்தாள். "ஒரு கீறல்கூட இல்லம்மா!"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.