கருகிய பிரேக் வாசம்

காரின் பின்சக்கரத்தைக் கழற்றியதும் கருகிய பிரேக் வாசம் மூக்கில் ஏறியது. சின்ன வயதில், ஒரு காலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லொறியிலும் இதே வாசம்தான். அம்மாவோடும் கொழுந்து எடுக்கும் மற்ற பெண்களோடும் பள்ளிக்கூடம் போகும் நானும் அதில் ஏறுவேன். அன்று அம்மா தானும் ஏறவில்லை, என்னையும் ஏறவிடவில்லை.

"பிரேக் கருகுது. சரி பண்ணுங்க, ஏறுறோம்."

கங்காணி சிரித்தார். "கையெழுத்துப் போடத் தெரியாது, மெக்கானிக்காம்! ஏறலன்னா இன்னிக்கிப் பேர் கெடையாது."

பேர் இல்லையென்றால் சம்பளமும் இல்லை.

"பேர நீங்களே வச்சுக்கங்க. உசுர நாங்க வச்சுக்கிறோம்."

அம்மா என் கையைப் பிடித்து நடந்தார். ஏறியிருந்த பெண்களும் ஒவ்வொருவராக இறங்கி எங்கள் பின்னால் வந்தார்கள். மறுநாள் லொறி புது பிரேக்கோடு வந்தது.

"படிச்ச புள்ளைக்கி ஏன்டா இந்தக் கிரீஸ்? கராஜ்ல விடேன்" என்றார் இப்போது என் காரை எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன்.

"கராஜ்ல, இந்தப் பிரேக் பேட் இன்னும் ஆறு மாசம் ஓடும்னாங்கண்ணே. நாளைக்கி அம்மாவோட பசறைக்கி மலை இறங்கணும்."

தேய்ந்த பேட்டில் இரும்புதான் மிச்சம் இருந்தது. பிஸ்டனைத் திருகி உள்ளே தள்ளி, புதிய பேட்களை மாட்டினேன். சக்கரத்தைப் பூட்டி, பிரேக்கைப் பலமுறை மிதித்து இறுக்கினேன். சரிவில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அம்மா குனிந்து சக்கரத்தை முகர்ந்து பார்த்தார். பிறகு, நான் கூப்பிடாமலே, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.