மோர் குடிக்காத மெஸ் மேனேஜர்

மானுடவியல் என்பது ஊரார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதும் தொழில். தன் வேலை இன்னதென்று சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லியே களைத்துப்போனவர்கள் உங்களில் இருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான்.

குழம்பில் தெரிய வேண்டும்

தொண்ணூறுகளில் கோவைக் கல்லூரி ஒன்றில் 'உள்ளூர் உணவு' என்று ஒரு விருப்பப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரான தொண்டாமுத்தூர்க் காய் நகரத்து மண்டிக்குப் போய், கை மாறி, வதங்கி எங்கள் விடுதி மெஸ்ஸுக்கு வருவானேன், நேரே வாங்கலாமே என்று பிரின்சிபாலிடம் போய் நின்றேன். அவர் வணிகவியல்காரர். என் பாடத்தை எடுத்துவிட்டு அந்த வகுப்பறையில் கம்ப்யூட்டர் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தவர். சிரிக்காமல் சொன்னார்: "ஒரு பருவம் தரேன் மேடம். உங்க ஆராய்ச்சி குழம்புல தெரியணும். தெரியலைன்னா பாடத்தை மூடிடலாம்."

தராசு எடுக்காத வீடு

விடுதி வேனை எடுத்துக்கொண்டு தெம்பாகத்தான் போனேன். டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்காக அந்த ஊரில் நான் சாப்பிடாத வீடு கிடையாது. அதுவே வினையாகிப்போனது. அந்த நாட்களில் எனக்குச் சோறு போட்ட சரஸ்வதியக்கா தன் தோட்டத்துக் கத்தரிக்காயையும் அவரைக்காயையும் மூட்டை மூட்டையாக வேனில் ஏற்றினார். விலை சொல்ல மட்டும் மறுத்துவிட்டார்.

அடுத்த தோட்டத்திலும் இதே கதை. சும்மா வாங்கி எத்தனை வாரம் விடுதி நடத்துவது? திரும்பி வந்து அக்காவிடம் கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துக்கொண்டும் பார்த்தேன். அவர் அசையவில்லை. "நம்மூட்டுல சோறு உண்டுபோட்டுப் போனவங்களுக்குத் தராசு புடிச்சா, நாளைக்கு எப்படி மூஞ்சி பாத்துப் பேசறதுங்க அம்மணி?"

பால் சொசைட்டி வாசல்

வீடு வந்து சேர்வதற்குள் மூளை வேலை செய்துவிட்டது. படித்த படிப்பு அன்றைக்குத்தான் உதவியது. வீட்டுக்கு வந்தவர் விருந்தாளி. விருந்தாளியோடு வியாபாரம் கிடையாது. அப்படியானால் அந்த ஊரில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திராத ஆள், யார் வீடும் அல்லாத இடத்தில் நின்று வாங்க வேண்டும்.

பால் ஊற்ற வரும்போது காயும் கொண்டுவாருங்கள் என்று ஊரில் சொல்லிவைத்தேன். மெஸ் மேனேஜர் ராஜமாணிக்கத்தைக் காலையில் பால் சொசைட்டி வாசலுக்கு அனுப்பினேன். யார் கூப்பிட்டாலும் வீட்டுக்குள் போகக் கூடாது, மோர் நீட்டினால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்காத குறை. வேன் நிறையக் காயோடு திரும்பியவர் வியர்த்துப்போயிருந்தார். "ஏனுங்க மேடம், அந்தச் சரஸ்வதியம்மா பேரத்துல ஒரு பைசா எறங்க மாட்டீங்கறாங்க. அவங்களா உங்களுக்குச் சும்மா குடுத்தாங்க?"

பிரின்சிபாலின் பந்தி

பருவக் கடைசியில் பிரின்சிபால் மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தார். அவரைக்காய்ப் பொரியலை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார், முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை. பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்க ஆசைப்பட்டு அன்றைக்குக் காய் வேனிலேயே சரஸ்வதியக்காவும் வந்திருந்தார். இவர் தோட்டத்துக் காய்தான் என்று நான் சொன்னதும் பிரின்சிபால் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு, சாப்பிடச் சொன்னார். அக்கா கும்பிட்டபடி ஓரடி பின்னால் போனார். "வேண்டாமுங்க சார். நானு இங்க உண்டுபோட்டேன்னா, அப்பறம் உங்ககிட்ட காசு வாங்க முடியாதுங்களே."

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். இரண்டு வரியில் விளக்கினேன். என் பாடம் முழுவதையும் அக்கா நின்ற நிலையிலேயே நடத்தி முடித்திருந்தார்; எனக்கு அப்படியொரு பெருமை. கை கழுவிவிட்டு வந்த பிரின்சிபால் என் பக்கத்தில் நின்றார். "கம்ப்யூட்டருக்கு வேற ரூம் பாத்துக்கறேன் மேடம். நீங்க நடத்துங்க."

பாடத்தைக் காப்பாற்றினேன், விடுதிக்கு நல்ல காய் வரவழைத்தேன், பேராசிரியராகவும் ஆகிவிட்டேன். தொண்டாமுத்தூரில் என் வீட்டுக்கென்று கால் கிலோ கத்தரிக்காயை விலைக்கு வாங்க மட்டும் இன்றுவரை எனக்குத் துப்பில்லை.