பத்தி இல்லாத பரீட்சை

இருமல் மருந்து வாங்கினால் மற்றவர்கள் மருந்தைக் குடிப்பார்கள். கேள்வி டீச்சர் முதலில் பாட்டிலில் ஒட்டியிருக்கும் ஆங்கிலச் சீட்டைப் படித்து, அதிலிருந்து நான்கு கேள்விகளைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். "இந்த மருந்தை யார் குடிக்கக் கூடாது? ஏன்?" இரண்டு மதிப்பெண். சலவை இயந்திரத்தோடு வந்த கையேடு, பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடக்கும் கிழிந்த பத்திரிகை, பேருந்து நிலையத்து அறிவிப்புப் பலகை, எது கண்ணில் பட்டாலும் அவரிடமிருந்து தப்பாது. உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகி இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. அந்தப் பட்டப்பெயரைப் பிள்ளைகள் வைத்தது இரண்டாவது வருடம். காதில் விழுந்தபோது கோபப்படுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ, "சரியாத்தான் வச்சிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய அப்பா மூட்டை தூக்கியவர்; கையெழுத்துக்குப் பதிலாக விரலை உருட்டியவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் டீச்சர்தான். வீட்டு முன்னறையில் அவருடைய பட்டமளிப்புப் படம் கல்யாணப் படத்துக்கு ஒரு முழம் மேலே தொங்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் அவருடைய கணவர் அதைக் காட்டி, "அவங்க மாடி வீடு, நான் கீழ் வீடு" என்பார். நகரப் பேருந்து ஓட்டுபவர் அவர். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டி ஊர்ப் பலகை படிப்பதோடு சரி, அதற்கு மேல் வம்பு வைத்துக்கொள்வதில்லை.

கேள்வி எழுதுவதில் டீச்சருக்கு ஒரு முறை உண்டு. அதற்குக் காரணம் ஒரு சண்டை. வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வருடம், ஒரு மாணவனின் தகப்பனார், வக்கீல் அலுவலகத்துக் குமாஸ்தா, அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, 'பி' என்ற விடையும் சரிதான் என்று இரண்டு மணி நேரம் வாதாடினார். தலைமை ஆசிரியருக்கே தலை சுற்றி, கடைசியில் மதிப்பெண்ணைக் கொடுத்துத் தொலைத்தார்கள். அன்றிலிருந்து டீச்சர் சரியான விடையை வீட்டைச் சுற்றி மதில் எழுப்புவதுபோல் எழுத ஆரம்பித்தார். 'பெரும்பாலும்', 'இருந்தபோதிலும்', 'அந்தச் சூழ்நிலையில்' என்று நாலா பக்கமும் செங்கல் வைத்து, எந்தக் குமாஸ்தாவும் உள்ளே நுழைய முடியாதபடி பூசிவிடுவார். அதற்கே பாதி ராத்திரி போய்விடும். மீதி மூன்று தப்பான விடைகளும் மறுநாள் காலை, குக்கரின் முதல் விசிலுக்கும் மூன்றாவது விசிலுக்கும் நடுவில் பிறக்கும்.

இந்த வருடம் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வட்டாரத்தின் பன்னிரண்டு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் இனி ஒரே ஆங்கிலத் தேர்வுத்தாள். இருபது மதிப்பெண் இலக்கணம், இருபது மதிப்பெண் பத்தியைப் படித்து விடை எழுதுதல். இரண்டு பேரிடம் மாதிரித்தாள் கேட்டிருந்தார்கள். ஒருவர் கேள்வி டீச்சர். இன்னொருவர் பக்கத்துப் பள்ளி அரை மார்க்கு சார். முற்றுப்புள்ளி விட்டால் அரை, பெரிய எழுத்து விட்டால் அரை என்று கழித்துக் கழித்தே அந்தப் பெயரைச் சம்பாதித்த மனிதர். போன இரண்டு தடவையும் வட்டாரத் தேர்வுக் குழுவில் டீச்சரைத் தாண்டி அவரைத்தான் எடுத்தார்கள். இந்த முறை விடுவதில்லை என்று டீச்சர் முடிவோடு இருந்தார். பன்னிரண்டு பள்ளிப் பிள்ளைகளும் தன் தாளை எழுத வேண்டும். கீழே தன் பெயர் அச்சில் இருக்க வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

வெள்ளோட்டம் நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு பள்ளியில் நடந்தது. பத்தாம் வகுப்பின் ஒரு பிரிவு டீச்சர் தாளை எழுதியது. இன்னொரு பிரிவு சார் தாளை. கண்காணிப்புக்கு ஒரு கணக்கு ஆசிரியை. பிள்ளைகள் கேள்வித்தாளிலேயே விடையை டிக் அடித்தால் போதும். அவரவர் தாளை அவரவர் திருத்தி, சராசரியைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம், டிக் அடித்த பக்கங்களை மட்டும் புரட்டி நாற்பது தாளையும் திருத்தி முடித்த டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. இலக்கணத்தில் சராசரி எட்டு. பத்தி வாசிப்பில் பதினாறு! காலம், முன்னிடைச் சொல் எல்லாம் கந்தலாகக் கிடக்கும் பிள்ளைகள், ஒரு பக்கக் கதையை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்! அரை மார்க்கு சார் தாளில் வாசிப்புச் சராசரி வெறும் ஒன்பது என்று செய்தி வேறு வந்திருந்தது. கூட்டத்தில் பேச வேண்டியதை டீச்சர் கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் அவருடைய தாளை அடித்துக் கொடுத்த அச்சகக்காரர் வந்தார். வாசலிலேயே நின்றார். கையில் ஒரு காகிதக் கட்டு.

"டீச்சர், கோவப்படக் கூடாது."

"என்னங்க, உள்ள வாங்க."

"பிரஸ்ஸைக் கூட்டும்போது மேஜைக்கு அடியில கெடந்துச்சு. உங்க பேப்பருக்கு நடுவுல சொருக வேண்டிய ஷீட்டு. என் பையன் கல்யாண அவசரத்துல ஆளுங்க சொருகாமலே கட்டிட்டாங்க."

டீச்சர் கட்டைப் பிரித்தார். கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரைப் பற்றிய கதை. அவரே தேடிப் பிடித்து, சுருக்கி, அழகாக்கிய ஒரு பக்கக் கதை. நாற்பது பிரதிகள். மடிப்புக்கூடக் கலையாமல் அப்படியே இருந்தன.

"அப்போ அந்தப் பிள்ளைங்க எதைப் படிச்சு எழுதினாங்க?"

"அதான் டீச்சர் எனக்கும் புரியல."

உடனே கணக்கு ஆசிரியைக்குப் போன் போட்டார். "பேசேஜ் எங்கன்னு ஒருத்தர் கூடக் கேக்கலையா?"

"பேசேஜா? அதெல்லாம் ஒண்ணும் கேக்கல. ரொம்ப சமத்தா எழுதுனாங்க. சீக்கிரமே முடிச்சிட்டு ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துட்டு இருந்தாங்க. உங்க பேப்பர்னா பிள்ளைங்களுக்கு ஒரு பயமே இல்ல டீச்சர்."

அச்சகக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மார்க்கு நல்லாத்தானே வந்திருக்கு? இத அப்படியே அமுக்கிடுவோம். வெளிய தெரிஞ்சா ஆபீஸ் ஆர்டரே எனக்கு வராது."

அவரை அனுப்பிவிட்டு டீச்சர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.  அவர் பள்ளியிலேயே பத்தாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதடி. எப்படிடி இது?"

"அம்மா, உன் பேப்பருக்கு பேசேஜ் எதுக்கும்மா? எங்க கிளாஸ்ல யாருமே படிக்க மாட்டாங்க."

"உளறாத."

"நான் உளறல. அப்பாவை எழுதச் சொல்லு, பாரு."

டிரைவர் அப்போதுதான் பணி முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். துண்டால் காதைத் துடைத்தபடி வந்தவரைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்தாள் மகள்.

"என்னம்மா இது, எனக்கு இங்கிலீஷ்ல பலகை படிக்கத்தான் தெரியும்."

"படிக்கவே வேணாம்பா. நாலுல எது நீளமா இருக்கோ அதுல டிக் போடு. ரெண்டு நீளமா இருந்தா, நடுவுல கமா இருக்கிறதுல போடு. 'மேற்கண்ட அனைத்தும்'னு நான் காட்டுற மாதிரி இருந்தா யோசிக்காமப் போடு."

டிரைவர் நெரிசலில் வண்டி ஓட்டுகிற முகத்தோடு ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டார். டீச்சர் திருத்தினார். இருபதுக்குப் பதினேழு.

"நான் பாஸா?" டிரைவர் எழுந்தே விட்டார். "ஏய், அப்பா டிஸ்டிங்ஷன்! அந்தப் படத்தை இறக்கும்மா, என் படத்தை மேல மாட்டு!"

டீச்சர் கேள்விகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். 'காவலர் அன்று ஏன் ஊருக்குள் போகவில்லை?' ஏ: அவர் சோம்பேறி. பி: அவருக்கு ஊர் பிடிக்காது. டி: தூங்கிவிட்டார். சி மட்டும் ஒன்றரை வரி: தங்கையைப் பார்க்க விருப்பம் இருந்தபோதிலும், புயல் எச்சரிக்கை வந்திருந்ததால், விளக்கை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. கதையைக் கண்ணால் பார்க்காதவரைக் கேட்டாலும் சி என்றுதான் சொல்வார். குமாஸ்தாவைத் தடுக்கக் கட்டிய மதிலில், பிள்ளைகளுக்காகத் தானே பெரிய வாசல் வைத்திருந்தது அவருக்கு உறைத்தது. இத்தனை வருடமாகத் தன் வகுப்பு வாங்கிய மதிப்பெண்கள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டன.

"இப்ப என்ன பண்ணப் போற?" டிரைவரின் குரலில் விளையாட்டு போய்விட்டது.

"தெரியல."

"பேசாம இரு. முதல்ல செலக்ட் ஆகட்டும். அடுத்த வருஷம் சத்தமில்லாம சரி பண்ணிக்கோ. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"இத்தனை வருஷம் தெரியாமத்தானே இருந்துச்சு?"

டீச்சர் தாள்களை அடுக்கிக் கட்டிப் பைக்குள் வைத்தார்.  வெள்ளிக்கிழமை பள்ளியில் ஒரு பையன் 'ஏன்' என்று தொடங்கிய கேள்வியைக்கூடக் கேட்டும் கேட்காததுபோல் நகர்ந்தார்.

சனிக்கிழமை கல்வி அலுவலகத்தில் நீள மேஜை, தட்டில் பிஸ்கட், தலைக்கு மேலே கடகடவென்று மின்விசிறி. அதிகாரி சராசரிப் பட்டியலைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாக இருந்தார்.

"பதினாறு! டீச்சர், இதுக்கு மேல பேச என்ன இருக்கு? முடிச்சிடலாமா?"

அரை மார்க்கு சார் பிஸ்கட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். 'சரிங்க ஐயா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சருடைய நாக்கு நுனியில் அது வந்து உட்கார்ந்தும் விட்டது. ஆனால் கை என்னவோ பையைத் திறந்தது.

"ஐயா, ஒரு பத்து நிமிஷம் குடுங்க. முதல்ல நீங்க ரெண்டு பேரும் என் பேப்பரை எழுதிப் பாருங்க."

"பரீட்சையா? எனக்கா?" அதிகாரி சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். அரை மார்க்கு சார் மேற்சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தார். மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது. அதிகாரி பதினெட்டு. சார் பத்தொன்பது.

"நல்ல பேப்பர்தான்," சார் வேண்டா வெறுப்பாக ஒப்புக்கொண்டார். "பேசேஜும் பரவாயில்ல."

"எந்தப் பேசேஜ் சார்?"

சார் தாளைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். அதிகாரி தன் தாளை உதறிக்கூடப் பார்த்தார். டீச்சர் நாற்பது தாள் கொண்ட கட்டை மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னார். அச்சகத்தில் நேர்ந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார். மீதி எல்லாம் தன் கேள்விகளைப் பற்றி. கணவர் பதினேழு வாங்கியதையும் மறைக்கவில்லை.

"நானும் கேக்கலையே!" அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார்.

அரை மார்க்கு சாருக்குக் கொண்டாட்டம். "அப்போ என் பேப்பர்தானே ஐயா?"

அதிகாரி சாருடைய தாளை எடுத்து, இந்த முறை பத்தியையும் சேர்த்துப் படித்தார். ஐந்தாவது கேள்வியில் நின்றுவிட்டார். "'படகின் எண் என்ன?' 'மூன்றாம் பத்தியின் இரண்டாவது வரியில் வரும் நிறம் எது?' ஏன் சார், இது என்ன, படிக்கிற பரீட்சையா, பேன் பாக்கிற பரீட்சையா? கதையில படகு ஏன் கவுந்துச்சுன்னு ஒரு கேள்வி கூட இல்லையே?"



"ரெண்டு பேரும் சேந்து புதுசா ஒண்ணு எழுதுங்க. மூணு வாரம். அதே பள்ளிக்கூடத்துல, வேற பிரிவுல வச்சுப் பாப்போம். அதுவும் சரி வரலைன்னா வெளி ஆளுங்ககிட்ட குடுத்துடுவேன்."

அந்த மூன்று வாரமும் டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை போர்க்களமாக இருந்தது. "இந்த சி ரொம்ப நீளம் டீச்சர், வெட்டுங்க." "உங்க ஏ-வுக்கு உயிரே இல்ல சார், இதை எந்தப் பிள்ளை நம்பும்?" தப்பான விடையும் பார்வைக்குச் சரியானது போலவே இருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒருவழியாக ஒத்துப்போனார்கள். குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் டீச்சர் எழுந்து போவதில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டது மகள். எழுதிய ஒவ்வொரு கேள்வியும் பத்தி இல்லாமல் பேருந்துப் பணிமனைக்குப் போனது. சாப்பாட்டு நேரத்தில் டிரைவர்களும் நடத்துநர்களும் டிக் அடித்தார்கள். நான்கில் ஒருவருக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி குப்பைக்கு. முதல் வாரம் பணிமனையில் எல்லோருக்கும் பதிமூன்று, பதினான்கு. மூன்றாவது வாரம் யாரும் ஆறைத் தாண்டவில்லை.

"என்னம்மா இது, என் டிஸ்டிங்ஷன் போச்சே!" என்றார் டிரைவர். ஐந்து வாங்கியிருந்தார்.

"அதான் வேணும்," என்றார் டீச்சர்.

இரண்டாவது வெள்ளோட்டத்தில் வாசிப்புச் சராசரி பத்தரை வந்ததும், அதிகாரி அதற்கே சம்மதித்ததும், பன்னிரண்டு பள்ளிக்கும் போன தாளில் அரை மார்க்கு சார் பெயர் மேலேயும் தன் பெயர் கீழேயும் வந்ததற்காக டீச்சர் இரண்டு நாள் முணுமுணுத்ததும் பிறகு நடந்தவை. அந்த வெள்ளோட்டம் நடந்த அன்று அவர் மறுகோடிப் பள்ளியின் வராந்தாவில், உள்ளே போக அனுமதி இல்லாமல், தூணோரம் நின்றிருந்தார். மணி அடித்து வெகு நேரம் கழித்துத்தான் கணக்கு ஆசிரியை கட்டோடு வெளியே வந்தார்.

"என்ன டீச்சர் பேப்பர் இது? முன்னாடி பக்கத்துக்கும் பின்னாடி பக்கத்துக்கும் திருப்பித் திருப்பி, ஒரே சரசரன்னு சத்தம். மணி அடிச்சும் குடுக்க மாட்டேங்குறாங்க. கடைசி பெஞ்சுப் பொண்ணுகிட்ட பிடுங்க வேண்டியதாப் போச்சு."

டீச்சர் அங்கேயே, வராந்தாத் திண்டில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். விடைகளைப் பார்க்கவில்லை. நடுவில் சொருகியிருந்த பத்தித் தாள்களை மட்டும் ஒவ்வொன்றாக உருவி எண்ணினார். முப்பத்தொரு தாளில் வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு இருந்தது. மீதி ஒன்பதும் கசங்கியிருந்தன.