அய்யூப் என்று யார் கூப்பிடுவது

என் பெயர் அய்யூப். ஐம்பது வயதைத் தாண்டியாயிற்று, இந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட ஆள் கிடையாது. காளவாசலில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறேன். சாப்பிட வருகிறவனுக்கு நான் பாய். போலீஸ்காரனுக்கும் பாய். மதுரையில் முஸ்லிம் ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே பெயர்தான். பிள்ளைகளுக்கு நான் அத்தா. மனைவிக்கு "இங்க பாருங்க".

அம்மாவாவது கூப்பிடலாம். மாட்டாள். அது அவளுடைய மாமனார் பெயர்; அவரைக் கபர்ஸ்தானில் அடக்கிப் பல வருடமாகியும் சொல்ல மாட்டாள். எங்கள் வீட்டில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தப் பெயரையே பேரனுக்கும் வைப்பார்கள், பெற்றவள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியது. அம்மாவும் என்னை அத்தா என்றுதான் கூப்பிடுவாள். சின்ன வயதில் விளக்குமாற்றால் அடிக்கும்போதும், "ஏன்த்தா இப்புடிப் பண்றீக?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே அடித்தாள்.

பெயர் என்னவோ பெரிய பெயர். முதலில் நபி ஒருவருக்கு இருந்தது. ஆடு மாடு போய், பிள்ளைகள் போய், உடம்பெல்லாம் புண்ணாகியும் முணுமுணுக்காதவர். பிறகு அரபு நாடுகளை ஆண்ட ஒரு பரம்பரைக்கே இந்தப் பெயர் வந்தது. பக்கத்து நாட்டில் ஒரு ராணுவத் தளபதி இந்தப் பெயரோடு ஆட்சியைப் பிடித்தார். எங்கள் பள்ளிவாசல் தெருவில் இன்றைக்கும் மூன்று பேர் இருக்கிறோம். ஒருவன் கறிக்கடை, ஒருவன் குட்டை, நான் கோவக்காரன். பொறுமைக்கார நபியின் பெயரை எனக்கு வைத்தது யார் தப்பு என்று தெரியவில்லை. சோற்றில் கல் கிடந்தால் தட்டைத் தள்ளிவிடுகிற ஆள் நான்.

சில வருடங்களுக்கு முன் பரவை மார்க்கெட்டுக்கு வெங்காயம் எடுக்கப் போனேன். நான் எடுத்தால் அழுகல் எடுப்பேன் என்று அம்மாவும் கூட வந்தாள். நான் குனிந்து மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு லோடு வேன் ரிவர்ஸில் வந்தது. அம்மா பார்த்துவிட்டாள். "அத்தா! அத்தா!" என்று கத்தினாள். அந்த மார்க்கெட்டில் பாதிப் பேர் யாருக்காவது அத்தா. இரைச்சலில் குரல் பிரியவில்லை, யாரோ பிள்ளை கூப்பிடுகிறது என்று நான் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். சக்கரம் வலது பாதத்தில் ஏறியது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கேட்டேன். "பேரச் சொல்லிக் கூப்புட்டுருந்தா திரும்பிருப்பேன்ல?"

"மாமா பேர நாலு பேரு முன்னாடி எப்புடித்தா சொல்லுவேன்?" என்று அழுதாள்.



போன வருடம் மகனுக்குப் பையன் பிறந்தான். "ஒங்க பேரத்தான்த்தா வைக்கப் போறோம்" என்றான் மகன்.

"வேணாம். ஒன் பொண்டாட்டியும் வாயத் தொறக்க மாட்டா. இவனுக்கும் காலு போகணுமா?"

மருமகள் உள்ளேயிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நான் கூப்புடுவேன் மாமா."

"எல்லாரும் அப்புடித்தான் சொல்லுவீங்க. இப்ப சொல்லு பாப்போம், என் மூஞ்சிக்கு நேரா."

மகன் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அவள் அவனைக் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அய்யூப்" என்றாள். கொஞ்சமும் நடுங்காமல் சொன்னாள்.

என் மனைவி முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அம்மா, "மொளகாப்பொடியக் கொண்டாங்கடி, இவ வாயில போட" என்றாள். நான் கத்துவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பள்ளிவாசல் அசரத்தை வரச்சொல்லிப் பிள்ளையின் காதில் பெயரைச் சொல்லச் சொன்னேன்.

இப்போது அவன் நடக்கிறான். செருப்பை வாயில் வைக்கிறான், மாவு வாளியைக் கவிழ்க்கிறான். "அய்யூப்! எடு கைய! டேய் அய்யூப்!" என்று மருமகள் காலையிலிருந்து கத்துகிறாள். அவன் திரும்புகிறான். நானும் திரும்புகிறேன்.

அம்மாவுக்குத்தான் ஆகவில்லை. நேற்று மருமகளிடம் கெஞ்சினாள்: "மெதுவாக் கூப்புடும்மா, காதுல விழுந்துறப் போகுது."

"யாரு காதுலங்க?"

அம்மா கபர்ஸ்தான் இருக்கிற திசையைக் கையால் காட்டினாள்.