சத்தமில்லாத பரண்

காதைப் பரணின் குழாயோடு ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள் பெர்ட்டி குன்கல்.

"ஆட்டு, வெண்டல்."

கடைக்காரர் வெண்டல் ஆட்டுகிறார்.

"இன்னும் நல்லா. எம்புருஷன் மேல உக்காந்து முதுகு சொறியறான்னு நெனச்சுக்கிட்டு ஆட்டு."

வெண்டல் அப்படியே நினைத்துக்கொண்டு ஆட்டுகிறார். எங்கோ ஒரு திருகு மெல்ல 'ணிங்' என்கிறது. அவள் கண்ணைத் திறக்கிறாள்.

"கேட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே, பெர்ட்டி."

"உனக்குக் கேக்காது. மானுக்குக் கேக்கும். அதவிட, மெர்லுக்குக் கேக்கும். இது வேணாம், அடுத்ததை இறக்கு."

கோடை முடிந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் இது நடக்கிறது. தூண்டில் புழுவும் துப்பாக்கித் தோட்டாவும் பனிமண்வெட்டியும் விற்கும் அந்தக் கடையின் பின்சுவரில், மான் வேட்டைக்காக மரத்தில் ஏறும் பரண்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. மேல்துண்டில் உட்கார வேண்டும், கீழ்த்துண்டில் கால் வைக்க வேண்டும். இரண்டையும் மரத்தோடு சுற்றிப் பிடிப்பது ஒவ்வொரு கம்பிவடம். மேல்துண்டை உயர்த்தி அதில் உடம்பைத் தாங்கிக்கொண்டு, கீழ்த்துண்டைக் காலால் இழுத்துக்கொண்டு, கம்பளிப்புழு ஏறுவது போல ஏற வேண்டும். எங்கள் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் நவம்பர் பிறந்தால் பாதி ஆண்கள் இப்படித்தான் மரத்தில் தொங்கிக்கொண்டிருப்போம்.

பெர்ட்டி இதுவரை மரம் ஏறியவள் அல்ல. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அப்போதே பள்ளிக்கூட மாடிப்படியில் சுவரை ஒட்டித்தான் இறங்குவாள். தேவாலயப் பாடகர்கள் எல்லாரும் மேல்மாடத்தில் நின்று பாட, இவள் மட்டும் கீழே கடைசி பெஞ்சில் நின்று அண்ணாந்து பாடுவாள். அவள் முடிவெட்டும் கடையில் விளக்கு போய்விட்டால் எனக்குத்தான் போன் வரும். நான் ஏணியில் நிற்கும்போது, நான் விழுந்தால் பார்க்கக்கூடாது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஊரில் ஆண்களுக்கு முடிவெட்ட அவள் ஒருத்திதான். கழுத்தில் துணியைக் கட்டி உட்கார்ந்துவிட்டால் தப்பிக்க முடியாது. பேச்சையெல்லாம் ஆளைப் பார்த்துப் பேசமாட்டாள், கண்ணாடியைப் பார்த்துத்தான். கிருதாவுக்கு வரும்போது மட்டும் பேச்சை நிறுத்தி, மூச்சையும் நிறுத்திவிடுவாள். அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

போன வருஷ வேட்டையில் அவள் கணவன் மெர்ல் மரத்திலிருந்து விழுந்தான். உடம்போடு மரத்தைச் சேர்த்துக் கட்டும் வாரை அன்று அவன் அவிழ்த்து வைத்திருந்தான். வாரின் பக்கிள் பரண் குழாயில் இடித்துக் 'கிளிங்' என்று சத்தம் வந்ததாம். எட்டுக் கிளைக் கொம்போடு வந்த ஒரு கலைமான் அதைக் கேட்டு ஓடிவிட்டதாம். கோபத்தில் வாரைக் கழற்றிக் கிளையில் மாட்டினான். அடுத்த மானுக்காகத் திரும்பி உட்காரப் பார்த்தவன் கீழே வந்துவிட்டான். இருட்டிய பிறகும் வீடு திரும்பாததால் தேடிப் போனது பெர்ட்டிதான். இடுப்பெலும்பு உடைந்து, இலைகளைத் தன் மேல் அள்ளிப் போட்டுக்கொண்டு கிடந்தான். குளிருக்காக அப்படிச் செய்தான். அவளுக்கு அது புதைத்த மாதிரி தெரிந்தது.

வசந்தத்தில் கைத்தடியோடு நடந்தான். கோடையில் கைத்தடி போயிற்று. அதன் பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, இந்த வருஷமும் ஏறப்போவதாகச் சொன்னான்.

"நீ ஒண்ணும் சொல்லலையா?" என்று பெர்ட்டியைக் கேட்டேன். என் பின்கழுத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னத்தச் சொல்ல? டாக்டர் சொன்னாரு, பாஸ்டர் சொன்னாரு. வேணாம்னு நானும் சொன்னா, அந்தப் பழைய பரணைத் தூக்கிக்கிட்டு எனக்குத் தெரியாமப் போவான். எனக்குத் தெரிஞ்சே போகட்டும், ஹார்லன்."

"தரையில உக்காந்து சுடக்கூடாதா?"

"அதுக்கும் பயம் இருக்கே. கல்யாணமான புதுசுல, கட்டையில சாஞ்சு உக்காந்திருந்தவன் தலைக்குப் பக்கத்துல எவனோ சுட்ட குண்டு வந்து ஏறிச்சு. மேலேர்ந்து சுட்டா குண்டு மண்ணுக்குள்ள போகும், கீழேர்ந்து சுட்டா எவன் சன்னலுக்குள்ள போகும்னு யாருக்குத் தெரியும்பான். அதுல தப்பு சொல்ல முடியல." மெஷினை அணைத்தாள். "கீழ இருந்தாலும் பயம், மேல போனாலும் பயம். ராத்திரியெல்லாம் எனக்கு இதான் வேலை."

அவள் கணக்கு எளிது. பரணில் துளி சத்தம் வந்தாலும் மெர்ல் வாரைக் கழற்றிவிடுவான். ஆகவே சத்தமே வராத பரண் வேண்டும். அவனுக்குச் சாக்கு இருக்கக்கூடாது.

ஒருவழியாக ஒன்றை வாங்கினாள். மெர்லிடம் கொடுக்கும் முன் அதை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரத்தில் கட்டி, தானே ஏறிப் பார்த்தாள். முழங்கால் உயரம் போனாள். அங்கேயே அழுதாள். அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் ஏறி, பரணை ஆட்டிப் பார்த்து, இறங்கி வந்து வாந்தி எடுத்தாள். "நல்லா இருக்கு. ஆடல" என்றாள் என்னிடம்.

பிறகு முடிவெட்டும் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பிவடத்துக்குச் சைக்கிள் ட்யூப். மிதிபலகைக்குக் கம்பளித்துண்டு. திருகுகளில் மெழுகு. வாரின் ஒவ்வொரு பக்கிளுக்கும் பழைய காலுறையை வெட்டித் தைத்த உறை. கீழ்த்துண்டு நழுவினாலும் தரைக்குப் போய்விடாதபடி, இரண்டு துண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு தடித்த கயிறு.

முடிவெட்ட வந்த க்ளீட்டஸ் இதைப் பார்த்துச் சிரித்தான். "எதுக்கு இவ்வளவு பாடு? மெர்லை மரத்தோட சேத்து ஆணி அடிச்சுடு."

"ஆணி அடிச்சா சத்தம் வருமேடா" என்று அவன் காதை மடக்கினாள் பெர்ட்டி. "அசையாத."

மரம் பார்க்க என்னையும் அழைத்துப் போனாள். நேராக, கிளையில்லாமல் நிற்கும் ஆஷ் மரங்களையெல்லாம் தாண்டிப் போனாள். வண்டு அரித்துச் செத்தவை அவை, வெளியே தெரியாது. பீச் மரம் வழவழப்பு. ஹிக்கரியில் பட்டை உரியும். கடைசியில் சரிவில் நின்ற ஒரு பாப்லாரைக் கட்டிப்பிடித்து, கன்னத்தை வைத்து நெடுநேரம் நின்றாள்.

"என்ன சொல்லுது?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. அதான் பிடிச்சிருக்கு."

நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் நாள் கழிந்த சனிக்கிழமை, வேட்டை திறக்கும் நாள். உறைபனி கொட்டியிருந்தது. மெர்ல் பரணை மரத்தில் மாட்டினான். பெர்ட்டி அவன் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தாள். தோளில், இடுப்பில், தொடையில்.

"மூச்சு விடவாவது எடம் வை பெர்ட்டி" என்றான்.

"கீழ வந்து விட்டுக்க."

அவன் ஏறினான். நாங்கள் இருவரும் சுடுகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று ஆரஞ்சு மேலங்கி போட்டுக்கொண்டு பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்தோம். மேலிருந்து கயிறு விட்டுத் துப்பாக்கியை இழுத்துக்கொண்டான். அதன் பிறகு ஒன்றுமில்லை. காடு சாம்பல் நிறத்தில் விடிந்துகொண்டிருந்தது. கிளைகளுக்கு நடுவே அவன் ஒரு மங்கலான கட்டியாகத்தான் தெரிந்தான்.

"ஹார்லன், ஏதாவது கேக்குதா?" என்றாள் காதோரம்.

"ஒண்ணுமே கேக்கல."

"எனக்கும்." அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்தது. கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. "முன்னெல்லாம் கீச்சு கீச்சுன்னு கேக்கும். திட்டுவேன். ஆனா அங்க இருக்கான்னு தெரியும்." என் முழங்கையைப் பிடித்தாள். "இப்ப எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவள் அண்ணாந்து பார்ப்பதும், பார்க்கப் பயந்து குனிவதுமாக இருந்தாள். நான் சரிவில் மான் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரப்பட்டைத் துணுக்கு ஒன்று அவள் மடியில் விழுந்தது. பிறகு ஒரு கையுறை விழுந்தது.

அவள் மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். மெர்லின் பூட்ஸ் இரண்டும் வெறுங்காற்றில் உதைத்துக்கொண்டிருந்தன. பனி பிடித்த பட்டையில் கீழ்த்துண்டு நழுவி, அவள் கட்டிய கயிற்றில் தொங்கியது. அவனும் வாரில் தொங்கினான், மரத்தில் முகத்தை இடித்துக்கொண்டு. துப்பாக்கி மட்டும் கொக்கியில் பத்திரமாக இருந்தது. இத்தனையும் நடந்ததில் ஒரு சத்தமும் வரவில்லை. அவனும் கத்தவில்லை, வார் மார்பை இறுக்கியதில் அவனால் கத்த முடியவில்லை.

நான் எழுந்து ஓடினேன். மரத்தடியில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன், பிடித்துவிடுவேன் என்பது போல. வாரில் அதிக நேரம் தொங்கினால் காலில் ரத்தம் கட்டி ஆளையே கொன்றுவிடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். போனை எடுத்தேன். அந்தச் சரிவில் சிக்னல் இருந்ததே இல்லை.

"மெர்ல்." பெர்ட்டி என் பக்கத்தில் நின்றாள். கடையில் பேசும் அதே குரல். "உதைக்காத. அசையாம இரு. தலையை நிமித்து."

பூட்ஸ் உதைப்பதை நிறுத்தின.

"ஒனக்கு வலது பக்கம் கயிறு தொங்குது. தெரியுதா? அதைப் பிடி. பாக்காத, தடவிப் பிடி."

கை தடவியது. கயிற்றைப் பிடித்தது.

"இழு. மெதுவா. பலகை வருது பாரு. இன்னும். இப்பக் கால வை. அந்தக் கால் இல்ல, அது தாங்காது. நல்ல கால். நல்ல கால் மெர்ல்."

ஒரு பூட்ஸ் பலகையைத் தொட்டது, வழுக்கியது, மறுபடி தொட்டது. அவள் விரல்கள் என் முழங்கைக்குள் இறங்கின. அதன் நீலத்தழும்பு கிறிஸ்துமஸ் வரை இருந்தது. குரலில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. கிருதா வெட்டும்போது மூச்சை நிறுத்துகிறவள், இப்போது அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். "உள்ள இழு. வெளிய விடு. பலகையோட பல்லு எல்லாம் பட்டையில பதியட்டும். அழுத்து. இப்ப எந்திரி."

அவன் எழுந்து நின்றான். மரத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றான். பிறகு இறங்கத் தொடங்கினான். ஒரு சாண், நின்று, ஒரு சாண். அவள் ஒவ்வொரு சாணுக்கும் "ம்" என்றாள். நடுவில் ஒருமுறை அவன் நின்றுவிட்டபோது, அவளும் "ம்" சொல்லாமல் நின்றாள்.

தரைக்கு வந்து மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். நெற்றி சிராய்த்து ரத்தம் கசிந்தது. உதடு நீலம்பாரித்திருந்தது. கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் யாரென்று தெரியாதது போலப் பார்த்தான்.

"பெர்ட்டி," என்றான் கடைசியில். "சத்தமே வரலல்ல?"

அவள் அவன் காலடியில் மண்டியிட்டாள்.

அப்போது சரிவின் மறுபக்கத்திலிருந்து ஒரு பெண்மான் வந்தது. எங்களைப் பார்த்து நின்றது, காதைத் திருப்பியது, பயமில்லாமல் இலைகளுக்குள் எதையோ மேய்ந்தது.

"பெர்ட்டி, மான்" என்று கிசுகிசுத்தான் மெர்ல்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பூட்ஸ் இரண்டையும் இரண்டு கையாலும் பற்றி, மண்ணோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.