மெலிந்த சிலிண்டர்

சுதந்திரம் வந்து வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கன்டோன்மெண்டில் ஒரு துரையிடம் நான் டிரைவராக இருந்தேன். அவர் பங்களாவின் பின்னால் வேலைக்காரர்களுக்கென்று கட்டிய ஒற்றை அறையில்தான் நாங்கள் குடியிருந்தோம். உங்களில் மூத்தவள் அங்கேதான் பிறந்தாள். துரை தன் நாட்டுக்குப் போகிறார் என்றால் எனக்கு வேலையும் போகும், வீடும் போகும். அத்திபெலே தாண்டிக் கிராமத்தில் உங்கள் அம்மா வீட்டாரோடு போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் அப்போது ஏன் அத்தனை சந்தேகப்பட்டோம் என்பது பிறகு உங்களுக்குப் புரியும்.

துரையிடம் சின்னதாக ஒரு கறுப்பு இங்கிலீஷ் கார் இருந்தது. ஒரு நாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டு, இதை நீயே வாங்கிக்கொள், டாக்சி ஓட்டிப் பிழைத்துக்கொள் என்றார். அவர் சொன்ன விலை, நான் பயந்ததில் பாதிகூட இல்லை.

நியாயமாக நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் சந்தேகம்தான் வந்தது. அந்த வண்டியை மூன்று வருஷம் ஓட்டியவன் நான். ஆனால் பானட்டுக்குள் கை வைத்ததில்லை. ரிப்பேர் வந்தால் துரை சொல்கிற இடத்தில் விட்டுவிட்டு வருவேன், அவ்வளவுதான். அங்கே என்ன செய்தார்கள், எதை மாற்றினார்கள் என்று யார் கண்டது?

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"பழைய சட்டையக்கூட எண்ணிப் பாத்து தோபிக்கிட்ட போடற மனுஷன். காரை எதுக்குங்க உங்களுக்குக் குடுக்கணும்?"

"மூணு வருஷம் உழைச்சிருக்கேன் இல்ல?"

"தோட்டக்காரர் பத்து வருஷமா உழைக்கிறாரு. அவருக்கு என்ன குடுத்தாரு, தோட்டமா?"



பாதிப் பணம் போடுவதாகச் சொன்னவர் உங்கள் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன். டவுனிலேயே, நீலசந்திராவில், ராகி அரைக்கும் மிஷினில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தார். பெரிய ஆயில் எஞ்சின், தட்டிவிட்டால் தெருவே அதிரும். அதை ஓட்டுகிறவர் என்பதால் எங்கள் பக்கத்தில் எஞ்சின் என்ற பேச்சு எடுத்தால் அவர்தான் கடைசி வார்த்தை. அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் வண்டி கிடையாது.

"மாப்ளே, தொரை இல்லாத நாளாப் பாத்து வண்டியைத் தொறந்து பாத்துடணும்" என்றார். "இருக்கும்போது தொறந்தா நல்லதை மட்டும் காட்டுவான்."

துரையும் துரைசாணியும் ரயிலேறி மைசூருக்குப் போன சமயத்தில், வண்டியைக் கழுவப் போகிறேன் என்று காவல்காரனிடம் சொல்லிவிட்டு, தெரிந்த கார் ரிப்பேர் மிஸ்திரி ஒருவரின் ஷெட்டுக்கு ஓட்டிப்போனேன். மிஸ்திரி பீடியை வாயில் வைத்தபடியே நட்டுகளைக் கழற்றி, எஞ்சினின் தலையை, அதாவது சிலிண்டர்களை மூடும் மேல்மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"என்ன மச்சான்?"

"மாப்ளே, இங்க வா. சிலிண்டரப் பாரு."

பார்த்தேன். வரிசையாக நான்கு ஓட்டைகள்.

"எங்க மிஷினு எஞ்சின்ல ஒரு சொம்பு உள்ள போகும். இதுல டீ கிளாசுகூட போவாது போல இருக்குதே. ஆனா ஆழத்தைப் பாரு, கெணறு. எந்த மடையனாவது இப்படிச் செய்வானா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு உள்ள ஸ்லீவ் போட்டிருக்கான். பிளாக்கு வெடிச்சுப்போயி, உள்ள ஒரு குழாயைச் சொருகி மறைச்சிருக்கான். அதான் ஓட்டை இப்படி மெலிஞ்சுபோச்சு."

தேய்ந்துபோன சிலிண்டருக்குள் புதுக் குழாய் அடித்து இறக்குவதைத்தான் ஸ்லீவ் என்பார்கள். ராகி மிஷினில் அது வழக்கமான வேலை. அப்படிச் செய்திருந்தால் விளிம்பில் ஒட்டு இருக்கும். மாமா கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து மெதுவாகச் சுற்றி வந்தார். நான்கிலும் சுற்றினார். எங்குமே நகம் தடுக்கவில்லை.

"ஒட்டு இல்லியே" என்றேன், கொஞ்சம் ஆசையோடு.

"அதான் பயமா இருக்குது. நகத்துக்கே தெரியாத மாதிரி செய்திருக்கான்னா, எவ்ளோ பெரிய கையி."

மிஸ்திரி சிரித்தார். "அரே பாய், எல்லா இங்கிலீஷ் வண்டியும் இப்படித்தான் இருக்குது."

"எல்லா வண்டியும் உங்கிட்டதானே ரிப்பேருக்கு வருது?" என்றார் மாமா. மிஸ்திரி சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

மாமாவுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. "நம்ம சர்ச்சு அமெரிக்கப் பாதிரி கார் பாத்திருக்கியா? கப்பல். வெள்ளக்காரனுங்க எல்லாம் ஒண்ணுதானே? அவனுக்குக் கப்பலு, இவனுக்குத் தீப்பெட்டியா? இது தொரைக்குன்னு செஞ்ச வண்டியே இல்ல மாப்ளே. ஏதோ கழிச்சுப் போட்டதை வாங்கியிருக்கான்."

எனக்கு அது சரியென்றே பட்டது. சொல்லப்போனால், மாமாவின் மேலேகூட ஒரு சந்தேகம் ஓடியது. தங்கை கிராமத்தில் அம்மா வீட்டோடேயே இருக்கட்டும் என்று நினைத்து வேண்டுமென்றே குறை கண்டுபிடிக்கிறாரோ என்று. உங்கள் மாமாவைப் பற்றி அப்படி நினைத்தேன் என்று இப்போது எழுதும்போது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. அந்த ஷெட்டில் நின்றபோது அப்படி இல்லை.

தலையைத் திரும்ப மூட்டுவதற்குள் தற்செயலாகத் திரும்பினேன், வெளியே ஒரு குதிரை ஜட்கா நின்றிருந்தது. வாசலில் துரை. துரைசாணிக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு நாள் முன்னதாகவே திரும்பிவிட்டார்களாம். வண்டி மிஸ்திரி ஷெட்டுப் பக்கம் போனதைக் காவல்காரன் சொல்லிவிட்டான்.

தன் கார் தலையில்லாமல் நிற்பதைத் துரை பார்த்தார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டார். "நாளைக்கு ஒரு சேட்டு வண்டியைப் பார்க்க வருகிறான். உனக்கு வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடு."

 நான் கேட்டே விட்டேன். சிலிண்டர் ஏன் இப்படி மெலிந்திருக்கிறது, உள்ளே குழாய் போட்டிருக்கிறதா என்று, எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில்.

துரை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மிஸ்திரியின் பெஞ்சில் இருந்த அகலமான அலுமினியக் கிண்ணம் ஒன்றையும் டீ கிளாஸ் ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எங்கள் நாட்டில் காருக்கு வரி போட, சிலிண்டரின் வாய் அகலத்தைத்தான் அளந்தார்கள் என்றார். ஆழத்தை யாரும் கேட்கவில்லை. வாய் அகலமாக இருந்தால் வருஷா வருஷம் வரி ஏறும். அதனால் கார் செய்கிறவர்கள் வாயைக் குறுக்கிக்கொண்டே போய், அதற்கு ஈடாக ஆழத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். பள்ளிக்கூட வாத்தியார், சின்ன டாக்டர் எல்லோரும் கார் வைத்துக்கொள்ள முடிந்தது அதனால்தானாம். அமெரிக்காவில் பெட்ரோல் அவர்கள் மண்ணில் இருந்தே வருகிறது, வரியும் கையைக் கடிக்காது, அதனால் அவர்கள் கிண்ணம் கிண்ணமாகச் செய்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அகலம், ஆழம் இரண்டையும் அளப்பார்களாம், அவர்கள் வண்டி வேறு தினுசு. இங்கிலாந்தில் இப்போது அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள், ஆனால் இந்த வண்டி அதற்கு முன்னால் செய்தது.

"அப்படியானால் ஏன் இவ்வளவு மலிவு?" என்று கேட்டேன்.

"உங்கள் ஊரில் பணம் இருக்கிறவனுக்குக் கப்பல் வேண்டும். தீப்பெட்டி போதும் என்கிறவனிடம் பணம் இல்லை. நல்ல விலைக்கு நான் யாரிடம் விற்பேன்?"

துரைக்குத் தமிழ் இத்தனை புரியும் என்று அன்றுதான் தெரிந்தது. எவ்வளவு நேரமாக வெளியே நின்றிருந்தார் என்றும் தெரியவில்லை.

அவர் சொன்னதை எல்லாம் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். மாமா கிண்ணத்தைப் பார்த்தார், கிளாசைப் பார்த்தார், துரையைப் பார்த்தார்.

"அதாவது, கவர்மெண்டு வாயை அளக்குது. இவனுங்க வயித்தைப் பெருசு பண்ணிட்டானுங்க."

"ஆமா மச்சான்."

"வரி கட்டாம இருக்கறதுக்கு."

"கம்மியாக் கட்டறதுக்கு."

"நாடு முழுக்க எல்லாரும் சேந்து பண்ணானுங்க."

"அப்படித்தான் சொல்றாரு."

மாமாவின் முகம் தெளிந்தது. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே. சும்மா நல்ல வண்டி, நல்ல வண்டின்னா எவன் நம்புவான்? இப்போ நம்பற மாதிரி இருக்குது." மிஸ்திரியிடம் திரும்பி, "பாய், தலையை மூட்டு. வண்டி நம்முளுது" என்றார்.

துரை வெளியே நடந்தார். அதே ஜட்காவில் ஏறிப் போய்விட்டார். ஊருக்குப் புறப்படும் வரையில் என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. வாக்கு கொடுத்தபடி வண்டியை எனக்குத்தான் கொடுத்தார். நாங்கள் நீலசந்திராவில் மிஷினுக்குப் பின்சந்தில் ஒரு அறை பிடித்தோம்.

வண்டியை டாக்சியாகப் பதிகிற ஆபீஸுக்கு மாமாவும் கூட வந்தார். அந்த ஆபீஸில் யாராவது ஸ்கேலைக் கொண்டு சிலிண்டரை அளப்பார்கள் என்று எதிர்பார்த்து, மெலிந்த எஞ்சின் என்ற பெருமையோடு நின்றார். மேஜையில் இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமல் கன்னடத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை சீட்டு?

"எஞ்சின் பாக்க மாட்டீங்களா சாமி?"

டாக்சிக்குச் சீட்டுக் கணக்கில்தான் வரி, எஞ்சின் எதற்கு என்றார் அவர். வண்டியில் ஆள் உட்கார இருந்த சீட்டின் எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். மாமா வண்டியின் பின்கதவைத் திறந்து, சீட்டை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். "சீட்டைத்தானே எண்றாங்க மாப்ளே, ஆளை இல்லியே" என்றார்.

முதல் சவாரி ஆனேக்கலுக்கு, ஒரு கல்யாண வீட்டுக்கு. மாமா ஆள் பிடித்து வந்திருந்தார். பின்னால் ஐந்து பெண்கள், மடிமேல் பிள்ளைகள், எனக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு பேர். கதவு சாத்தவில்லை. மாமா தோளைக் கொடுத்து அதை உள்ளே தள்ளினார்.

"ஏம்பா, போலீசு புடிக்க மாட்டானா?" என்று உள்ளே இருந்து ஒரு அம்மாள் கேட்டார்.

"சீட்டு எத்தனை இருக்குதோ அத்தனைதான் எழுதியிருக்குதுமா. பொய் இல்ல. நீங்க கொஞ்சம் மூச்சை உள்ள இழுத்துக்கோங்க."

தாழ்ப்பாள் விழுந்தது. நான் வண்டியை எடுத்தேன்.