ஹொசகோட்டே சைட்டும் இரண்டு கட்டு வெற்றிலையும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுவில் சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறாள்.

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் எதிர்வீட்டு அக்கா, ஹொசகோட்டே பக்கம் முப்பதுக்கு நாற்பது அடி மனை, இங்கே சைட் என்போம், ஒன்றுக்கு ஒரு கன்னடக்காரப் பெரியவரிடம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டிருந்தாள். பதிவு ஆகவில்லை. அதற்குள் மகனோடு மைசூருக்குக் குடிபோக வேண்டி வந்தது. "நீ எடுத்துக்கோடி, வேற யாருக்கும் தர மனசு வரல" என்றாள். வைட்ஃபீல்டில் நாலு வீட்டில் சமைத்துச் சேர்த்த பணம் என்னிடம் இருந்தது. சைட்டைப் போய்ப் பார்த்தேன். மூலையில் ஒரு முருங்கை, கொத்துக்கொத்தாகக் காய். அதைப் பார்த்துத்தான் நான் சரி என்றேன் என்று மகள் கேலி செய்வாள். பொய்யில்லை.

பயமுறுத்தியதும் அவள்தான். "அவரு அக்காவுக்கு விக்கணும், அக்கா உனக்கு விக்கணும். ரெண்டு தடவை ஸ்டாம்ப் டூட்டி கட்டணும்மா. உங்கிட்ட ஒண்ணுக்குத்தான் இருக்கு."

வளையலை விற்றாலும் இரண்டாவதற்குப் பத்தாது. முருங்கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பாரே வைக்கவில்லை.

பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம். அக்ரிமென்ட்டைப் புரட்டிப் பார்த்தவர், "அந்தம்மா பேருக்கு இன்னும் பத்திரமே ஆகலியே" என்றார். "அப்ப பெரியவரு நேரா உங்க பேருக்கே எழுதித் தரலாம். அந்தம்மா எனக்குச் சம்மதம்னு கூடவே ஒரு கையெழுத்து போடட்டும். நீங்க குடுக்கற விலைக்கு ஒரே டூட்டி."

"அவங்க பேருக்குப் பதிவாகியிருந்தா?" என்று மகள் கேட்டாள்.

"அப்ப ரெண்டுதான்."

அந்தப் பதிவு ஆகாமல் போனதற்காக அன்று அல்சூர் கோயிலில் விளக்கேற்றினேன்.

பதிவு ஆபீசுக்குப் போன அன்றைக்குப் பெரியவர் முறுக்கிக்கொண்டார். "ஆகல்லம்மா. அட்வான்ஸோட வெத்தலபாக்கு வாங்கினது அந்தம்மா கையில. மாத்து கொட்டாச்சு. மொதல்ல அவங்க பேருக்கு ரிஜிஸ்டர், அப்புறம் அவங்க யாருக்கு வேணா கொடுக்கட்டும்." ஆகல்ல என்றால் முடியாது; மாத்து கொட்டாச்சு என்றால் வாக்குக் கொடுத்தாயிற்று. சட்டம் விட்டாலும் வெற்றிலை விடவில்லை.

மகள் சட்டம் பேசினாள். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்திருந்த அக்கா வெளியே போய் இரண்டு கட்டு வெற்றிலை, பாக்கோடு வாங்கி வந்தாள். தட்டு இல்லை. என் டிபன் பாக்ஸ் மூடியைப் பிடுங்கி ஒரு கட்டை அதில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"ஐயா, அன்னைக்கு நான் குடுத்த வெத்தலைய எனக்கே திருப்பிக் குடுங்க. இன்னொண்ண என் தங்கச்சி கையில வாங்கிக்குங்க. மாத்தும் தப்பாது."

பெரியவர் மூடியை வெற்றிலையோடு வாங்கினார். மூடியில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைத் துடைத்துவிட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். அக்கா என் கையில் திணித்த இன்னொரு கட்டை வாங்கிக்கொண்டு, "சித்ரான்னமா?" என்று டிபன் பாக்ஸைக் காட்டிக் கேட்டார்.

"கையெழுத்து போட்டுட்டு வாங்க, போடறேன்" என்றேன்.

அவர் கையெழுத்து, அக்காவின் சம்மதக் கையெழுத்து, என் கட்டைவிரல். ஒரே பத்திரம், ஒரே டூட்டி. அந்தச் சித்ரான்னத்தில் உப்புக் குறைவு. யாரும் சொல்லவில்லை.

இன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார். காய் எங்கள் சைட்டிலிருந்து.